கிரீன் கார்டும் நீண்ட பயணமும்: ஆறு மாதக் கணக்கில் அடங்காத விஷயங்கள்

“ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும், கிரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகாது.” அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் அபூர்வம். தெரிந்தவர்கள் சொல்வார்கள், விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார், டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் சொல்வார். இதை நம்பிப் பல வருடம் சிக்கல் இல்லாமல் வந்துபோனவர்களும் உண்டு. அதனால்தான் இது சட்டம் போலவே புழங்குகிறது. ஆனால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. நாட்களை எண்ணுவதற்கு முன்பே அந்தச் சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: உங்கள் வீடு எந்த நாட்டில் இருக்கிறது?

1952-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டம், நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சலுகை சட்டப்படி வழங்கப்பட்டு, அந்த நிலை பிறகு மாறாமலும் இருப்பவரையே நிரந்தரவாசி, அதாவது கிரீன் கார்டுக்கு உரியவர், என்கிறது. பெரும்பாலானோர் முன்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். சிக்கல் முழுவதும் பின்பாதியில்தான் இருக்கிறது. கார்டின் மேல் பத்து வருடத் தேதி அச்சிட்டிருப்பதால் பத்து வருடத்துக்கு உரிமை உறுதி என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தேதி பிளாஸ்டிக் அட்டைக்கு மட்டும்தான். அட்டை காலாவதியானால் ஐ-90 படிவம் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம், உரிமை எங்கும் போகாது. அதேபோல அட்டைக்கு இன்னும் எட்டு வருடம் பாக்கி இருக்கும்போதே உரிமை கைவிட்டுப் போயிருக்கவும் முடியும்.

பயணத்துக்கு கிரீன் கார்டு எப்போது செல்லும் என்பதற்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது. ஓர் ஆண்டுக்கும் குறைவான தற்காலிகப் பயணத்துக்குப் பிறகு, கைவிடாத குடியிருப்புக்குத் திரும்பி வருபவருக்கு அது நுழைவு ஆவணமாகச் செல்லும். இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், பயணம் தற்காலிகமாக இருக்க வேண்டும், குடியிருப்பைக் கைவிட்டிருக்கக் கூடாது. நம் ஊர்ப் பேச்சில் முதல் நிபந்தனை மட்டும் தங்கி, மற்ற இரண்டும் காணாமல் போய்விட்டன.

சரி, இந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது? 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்திலிருந்து. வெளிநாடு போய்த் திரும்பும் நிரந்தரவாசியைப் புதிதாக நுழைவு அனுமதி கேட்டு வருபவராக நடத்தக் கூடாது என்று அந்தத் திருத்தம் சொன்னது. கூடவே ஆறு விதிவிலக்குகளையும் வைத்தது. தொடர்ச்சியாக 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது அவற்றில் ஒன்று. அப்படி வருபவரிடம் புதிதாக வருபவரிடம் கேட்பதையெல்லாம் கேட்கலாம். ஆனால் குடியிருப்பைக் கைவிட்டவர் என்பது அதே பட்டியலில் தனியாக நிற்கும் இன்னொரு விதிவிலக்கு. அதற்கு நாள் கணக்கே கிடையாது. ஐந்து மாதம் வெளியே, மூன்று வாரம் உள்ளே, மறுபடி ஐந்து மாதம் வெளியே என்று போய்வருபவர் 180 நாள் கோட்டை ஒருமுறைகூடத் தொடாமலேயே இந்த இரண்டாவது விதிவிலக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கேன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1975-இல் தீர்ப்பளித்தது. கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பெண்மணி ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திவந்தார். வருடத்தில் சுமார் பதினோரு மாதம் அங்கே இருப்பார், மீதி ஒரு மாதம் அமெரிக்காவுக்கு வருவார். ஓர் ஆண்டைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் கார்டைக் காட்டி உள்ளே வந்தவர்தான். ஆனாலும் அவர் தன் குடியிருப்பைக் கைவிட்டுவிட்டார் என்றே வாரியம் முடிவு செய்தது. பிழைப்பு, தொழில், அன்றாட வாழ்க்கை எல்லாம் ஜமைக்காவில் இருந்தன. அமெரிக்க வருகைதான் அவருக்குப் பயணமாக இருந்தது. பயணம் தற்காலிகமா என்று பார்க்க வாரியம் அப்போது மூன்று விஷயங்களை முன்வைத்தது. எதற்காகப் போனார்? எப்போது முடியும் என்ற திட்டம் இருந்ததா? திரும்பி வருவதற்கு வேலையோ வீடோ அமெரிக்காவில் இருந்ததா?

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1986-இல், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கியது. போகும்போதே முடிவு நாள் தெரிந்த குறுகிய பயணம் தற்காலிகமானது. முடிவு நாள் தெரியாவிட்டாலும், விரைவில் நடந்துமுடியக்கூடிய ஒரு நிகழ்வை ஒட்டிய பயணமும் தற்காலிகமானதாக இருக்கலாம். ஆனால் அந்த நிகழ்வு இழுத்துக்கொண்டே போனால், ‘ஒருநாள் திரும்புவேன்’ என்று மனதில் நினைத்திருந்தது மட்டும் போதாது. திரும்பும் எண்ணம் இடையறாமல் இருந்தது என்பதை உங்கள் நடத்தை காட்ட வேண்டும்.

இந்த விதி நம் குடும்பங்களை எங்கே வந்து இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. அவர் எழுந்து நடக்கும்வரை கூட இருக்கப் போகிறார் மகள். இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. மருத்துவர் கடிதம், சிகிச்சைக் காகிதங்கள், வேலையிடத்தில் வாங்கிய விடுப்பு எல்லாம் கையில் இருந்தால் எட்டு மாதம் ஆனாலும் பதில் சொல்ல முடியும். இன்னொரு வீட்டில் அப்பாவுக்கு மறதி நோய். அவர் இருக்கும்வரை கூட இருப்பது என்று மகன் முடிவு செய்கிறார். மனிதர் என்ற முறையில் இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்தப் பயணத்துக்கு முடிவு நாள் இல்லை. அந்த மகன் கிளம்புவதற்கு முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட் என்ற மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அமெரிக்க வீட்டையும் வங்கிக் கணக்கையும் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும், வருடம் தவறாமல் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் போய்ப் படிவத்தைப் பற்றிப் பேசுவது சங்கடம்தான். ஆனால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் அந்த வாரமே பேசியாக வேண்டிய பேச்சு இது.

ரீ-என்ட்ரி பெர்மிட்

ஓர் ஆண்டு தாண்டும் என்று தெரிந்தால் ஐ-131 படிவத்தில் விண்ணப்பித்து இந்தப் பெர்மிட்டை வாங்க வேண்டும். சிறு புத்தகமாக, பாஸ்போர்ட் போலவே இருக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுகள் செல்லும். நீட்டிக்க முடியாது, வேண்டுமானால் திரும்பி வந்து புதிதாக விண்ணப்பிக்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தம் நான்கு ஆண்டுக்கு மேல் வெளியே கழித்தவருக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு மட்டுமே தருவார்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். ஊருக்குப் போன பிறகு, ‘இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறதே’ என்று அங்கிருந்து விண்ணப்பிக்க வழியில்லை. விண்ணப்பித்த பிறகு கைரேகை எடுக்க அழைப்பு வரும். அதை முடித்துவிட்டுக் கிளம்பலாம். பெர்மிட் தயாரானதும் வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் வாங்கிக்கொள்ளும்படி படிவத்திலேயே கேட்கவும் முடியும். கைரேகைக்குப் போகாமல் பறந்துவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பரிசீலனைக்குப் பல மாதம் ஆகிறது என்பதால் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவது ஆபத்து.

இந்தப் பெர்மிட் நுழைவதற்கு உத்தரவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். நீண்ட நாள் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் அது தரும் பாதுகாப்பு. பெர்மிட் வாங்கிக்கொண்டு அமெரிக்க வீட்டை விற்று, வங்கிக் கணக்கை மூடி, வெளிநாட்டில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் செயல்கள்தான் பேசும்.

பெர்மிட் இல்லாமல் ஓர் ஆண்டு தாண்டிவிட்டதா? அமெரிக்கத் தூதரகத்தில் எஸ்பி-1 என்ற ‘திரும்பும் குடியிருப்பாளர்’ விசா கேட்கலாம். டிஎஸ்-117 படிவம், 180 டாலர் கட்டணம், நேர்காணல். கிளம்பும்போது நிரந்தரவாசியாக இருந்தீர்கள், திரும்பும் எண்ணம் எப்போதும் இருந்தது, தாமதம் உங்கள் கைமீறிய காரணத்தால் வந்தது என்ற மூன்றையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும். 2020 மார்ச்சில் இந்தியாவில் சர்வதேச விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை 2022 மார்ச் 27-இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் சிறப்பு விமானங்கள் ஓடினாலும் பலர் ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டார்கள். கைமீறிய காரணம் என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. ‘வீட்டை விற்க நாளாகிவிட்டது’, ‘பேரன் படிப்பு முடியட்டும் என்று இருந்தோம்’ என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்வது கடினம்.

விமான நிலையத்தில் என்ன நடக்கிறது

எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரி கார்டை வாங்கிப் பார்க்கிறார். நீங்கள் எப்போது போனீர்கள், எத்தனை முறை போனீர்கள் என்பது அவர் திரையில் இருக்கிறது. எதற்குப் போனீர்கள், அங்கே வேலை பார்த்தீர்களா, இங்கே எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறார். பல வயதானவர்கள் கள்ளமில்லாமல் சொல்லும் பதில் இதுதான்: “மகனைப் பார்க்க வந்திருக்கிறேன். பேத்தி பிறந்தநாள் முடிந்ததும் கிளம்பிவிடுவேன்.” கையில் திரும்பிப் போகும் டிக்கெட்டும் இருக்கிறது. அதிகாரிக்கு இது ஒரு சுற்றுலாப் பயணியின் பதில். உடனே தனி அறைக்கு அனுப்புகிறார். இரண்டாம் கட்ட விசாரணை ஆரம்பமாகிறது.

இதற்காகப் பெற்றோருக்குப் பொய் சொல்லிக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கூட்டாட்சி அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம், பிறகு எந்த விண்ணப்பத்துக்கும் அது குறுக்கே நிற்கும். அவர்கள் உண்மையில் இங்கே வாழ்கிறார்கள் என்றால் அந்த வாழ்க்கைக்குத் தடயம் இருக்கட்டும். மாநில ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ, தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வீட்டு முகவரிக்கு வரும் கடிதங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். பாதி புரிந்த கேள்விக்குத் தலையாட்டுவதுதான் பெரிய ஆபத்து.

அந்த அறையில் மேசைமேல் வைக்கப்படக்கூடிய ஒரு தாள் ஐ-407. ‘நிரந்தரவாசி என்ற நிலையை நானே விருப்பத்தோடு கைவிடுகிறேன்’ என்பது அதன் சாரம். 2025 தொடக்கத்தில், குளிர்காலத்தை இந்தியாவில் கழித்துவிட்டு வந்த வயதானவர்களிடம் இதில் கையெழுத்துப் போடும்படி அழுத்தம் தரப்படுவதாக வழக்கறிஞர்கள் சொன்ன செய்திகள் வந்தன. பதினெட்டு இருபது மணி நேரம் பறந்து வந்து, ரத்த அழுத்த மாத்திரைகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ‘போட்டால் சீக்கிரம் போகலாம்’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அதனால் இந்த விஷயத்தை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே பேசிவைக்க வேண்டும்.

அதில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மறுத்தால் அதிகாரி அந்த இடத்திலேயே உங்கள் நிலையைப் பறிக்க முடியாது. குடிவரவு நீதிபதி முன் ஆஜராகும்படி அழைப்பாணை தரலாம், அவ்வளவுதான் அவர் அதிகாரம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஈடாக உங்கள் நிலையைக் காட்டும் ஆவணம் கேட்டு வாங்க வேண்டும். நீதிபதியின் இறுதி உத்தரவு வரும்வரை நீங்கள் நிரந்தரவாசிதான். அந்த விசாரணையில் நீங்கள் கைவிட்டீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, அதுவும் தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத, நம்பத்தகுந்த சான்றுகளோடு. இது சாதாரணப் பாதுகாப்பு அல்ல. திரும்பி வரும் நிரந்தரவாசிக்கு முறையான விசாரணை பெறும் அரசியல் சட்ட உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 1982-இல் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் இத்தனையையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு வாதாடலாம், ஆனால் ஏறுமலை. மறுப்பவரைச் சில சமயம் காவலில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட நாள் கழித்துத் திரும்பும் பெற்றோரின் கையில் பிள்ளையின் எண்ணோடு ஒரு குடிவரவு வழக்கறிஞரின் எண்ணும் காகிதத்தில் இருப்பது நல்லது.

அபுதாபி வழியாக வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே விமானம் ஏறும் முன் சோதனையை முடித்துவிடுகிறார்கள். சிக்கல் வந்தால் பிள்ளைகள் காத்திருக்கும் ஊரில் வராது, நடுவழியில் வரும். விமானம் ஏற முடியாமலும் போகலாம்.

பழைய குற்ற வழக்கு ஏதாவது இருப்பவர்கள் எவ்வளவு குறுகிய பயணமானாலும் வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது. சில குற்றங்கள் மேலே சொன்ன ஆறு விதிவிலக்குகளில் வருகின்றன. உள்ளேயே இருந்திருந்தால் எழாத கேள்வி, ஒரு வாரம் வெளியே போய்வந்தால் எழும்.

குழந்தைகள்

பெற்றோர் குடியிருப்பைக் கைவிட்டால், அவர்களோடு இருக்கும் சிறுவயதுப் பிள்ளைகளும் கைவிட்டதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ‘படிப்பு அங்கே நடக்கட்டும், கல்லூரிக்கு இங்கே வரட்டும்’ என்று திட்டமிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. கிரீன் கார்டு வைத்திருக்கும் பெண் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறார். குழந்தை அங்கே பிறக்கிறது. அது அமெரிக்கக் குடிமகன் இல்லை, விசாவும் இல்லை. ஆனால் தற்காலிகப் பயணத்தின்போது பிறந்த அந்தக் குழந்தை, பிறந்து இரண்டு ஆண்டுக்குள், தாய் அமெரிக்காவுக்கு முதல் முறை திரும்பும்போது கூடவே வந்தால் விசா இல்லாமலே நிரந்தரவாசியாக ஏற்கப்படும். குழந்தையின் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். ‘முதல் முறை’ என்பதுதான் இதில் உயிர்நாடி. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய் மட்டும் ஒருமுறை வந்துபோனால், பிறகு வழக்கமான விண்ணப்ப வரிசைதான். அதில் வருடக்கணக்கில் காத்திருக்க நேரும்.

குடியுரிமைக் கணக்கு வேறு

கார்டைக் காப்பாற்றும் கணக்கையும் குடியுரிமைக்கான கணக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஆறு மாதம் என்ற எண் உண்மையில் அதிகம் கடிப்பது இங்கேதான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுத் தொடர் குடியிருப்பு வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று. அந்தக் காலத்தில் பாதி நாட்கள், அதாவது 30 மாதம் அல்லது 18 மாதம், நேரில் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததாக அனுமானிப்பார்கள். அறவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். ஓர் ஆண்டு ஆகிவிட்டால் அறுந்ததுதான். ரீ-என்ட்ரி பெர்மிட் இருந்தாலும் இதில் உதவாது. கார்டு பத்திரமாக இருக்கும், குடியுரிமைக் கடிகாரம் மட்டும் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

வரியைப் பற்றி ஒன்றே ஒன்று. நிரந்தரவாசி உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்த வருடத்துக்கு வரி மிச்சம் என்று ‘குடியிருப்பாளர் அல்லாதவர்’ எனத் தாக்கல் செய்தால், ‘என் வீடு இங்கே இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். குடியுரிமை விசாரணையிலும் அந்தத் தாள் திரும்பி வரும்.

விட்டுக்கொடுப்பதும் ஒரு வழி

பெற்றோருக்குக் கிரீன் கார்டு எடுத்துத் தருவதைப் பிள்ளைகள் பெரிய நன்றிக்கடனாக நினைக்கிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் எழுபது வயதில் தன் ஊர், தன் மருத்துவர், தன் நண்பர்கள், தன் வீட்டு வாசல் எல்லாம் அங்கே இருக்க, கார்டுக்காக வருடத்தில் பாதியை ஒரு புறநகர் வீட்டுக்குள் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘உங்களுக்கு இங்கே வாழ விருப்பமா?’ என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விருப்பமில்லை என்றால் அதே ஐ-407 படிவத்தை, விமான நிலைய அறையில் பயந்துபோய் அல்லாமல், வீட்டில் யோசித்து நிரப்பி அஞ்சலில் அனுப்பிவிடலாம். கார்டை எட்டு வருடமோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் மட்டும் முன்கூட்டி ஒரு வரி ஆலோசகரைப் பார்க்க வேண்டும், நிரந்தரவாசி நிலையை விடும்போது கட்ட வேண்டி வரக்கூடிய வெளியேறும் வரி விதிகள் அவர்களுக்கு உண்டு. பிறகு பி-2 வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். தானாக முன்வந்து கார்டைத் திருப்பிக் கொடுத்தவர் என்பதால் அந்த விசா கிடைத்துவிடும் என்று உறுதியில்லை. ஆனால் தன் வீடு எங்கே என்பதை அவர் நேர்மையாகச் சொல்லியிருப்பது அவருக்குச் சாதகமாகவே இருக்கும். நாளை ஒருவர் தனியாகி, பிள்ளையிடம் வந்து நிரந்தரமாக இருக்க நினைத்தால் கதவு மூடிவிடாது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனின் பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. ஐ-130 படிவத்தில் பிள்ளை மறுபடி விண்ணப்பிக்கலாம்.